நாகசாகியில் இரண்டு கட்டுச் செவந்தி

நவம்பர் 9, ஞாயிறு

தூத்துக்குடியில் மேடு என்றால் ரயில்வே மேம்பாலம்தான். அதில் ஏறவே எனக்கு மூச்சு வாங்கும். இந்த நாகசாகியில் ஊரே மேட்டில் தொங்குகிறது. நடுவில் துறைமுகம், மூன்று பக்கமும் மலை, மலை முழுக்க வீடு. மொட்டை மாடியில் காயப்போட்ட துணி பறந்தால் கடலில் போய்த்தான் எடுக்க வேண்டும்.

ஃபுகுவோகா விமான நிலையத்திலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். எங்கள் பங்கிலிருந்து பதினான்கு பேர் திருயாத்திரை வந்திருக்கிறோம். பங்குத் தந்தை ததேயுஸ் சாமிதான் தலைமை. எல்லாரும் ஜோடி ஜோடியாக உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது ரொமால்ட் கொரேராவின் பக்கத்து இருக்கை. கப்பலில் சீஃப் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து ஆறு வருஷம். ஞாயிறு பூசையில் கடைசி பெஞ்சில் உட்காருவார், பிரசங்கம் தொடங்கியதும் தூங்கிவிடுவார். நான் நான்காவது பெஞ்சில் இருப்பவள், திரும்பிப் பார்க்கிற பழக்கம் கிடையாது. எப்படியோ தெரியும்.

எல்லாரும் அவரை அண்ணாச்சி என்கிறார்கள். எனக்கு அது வாயில் வரவில்லை, சார் என்கிறேன். மரியாதைக்குத்தான்.

"முப்பது வருசத்துக்கு முன்ன கப்பல் ரிப்பேருக்கு இங்க டிரை டாக்ல மூணு வாரம் கெடந்தோம்" என்றார். எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர்களுக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் அவர் பேசுவது ஊருக்கே கேட்கும். "ஒரு தெருவக்கூட பாக்கல. எஞ்சினப் பிரிச்சு மாட்டுததுக்கே சரியாப் போச்சு."

"பெறகு என்னத்துக்கு மறுபடி வந்திய?"

"பாக்காம விட்டதப் பாக்கணும்லா."

ஜனவரியில் மெல்போர்னுக்கு மகனிடம் போய்விடுகிறாராம். நிரந்தரமாக. டிக்கெட் இன்னும் போடவில்லை, யாத்திரை முடிந்ததும் முடிவு சொல்கிறேன் என்று மகனிடம் சொல்லியிருக்கிறார். போகட்டும். கோயிலில் ஒரு குறட்டை குறையும்.

நவம்பர் 10, திங்கள்

ஓவுரா மாதா கோயிலுக்குப் போனோம். கீழே தெருவில் நின்று பார்த்தால் படிக்கட்டு வானத்துக்குப் போகிறது. என் வலது முழங்கால் பாதியில் மறியல் செய்தது. கொரேரா ஒன்றும் கேட்காமல் தன் குடையை மூடி ஊன்றுகோலாக நீட்டினார். வேண்டாம் என்றேன். குடை நீட்டியது நீட்டியபடியே இருந்தது. பின்னால் வருகிறவர்களுக்கு வழி மறிக்கக்கூடாதே என்று வாங்கிக்கொண்டேன்.

மர வேலைப்பாடும் வண்ணக் கண்ணாடியுமாகச் சின்னக் கோயில்தான். ஆனால் உள்ளே நின்று சாமி கதையைச் சொன்னபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இங்கே கிறிஸ்தவர்களைக் கொன்று, வேதத்தைத் தடைசெய்து இருநூற்றைம்பது வருஷம். குருவானவர் இல்லை, பூசை இல்லை. கன்னோன் என்கிற புத்தத் தெய்வத்தின் சிலை கையில் குழந்தையைக் கொடுத்து, அதையே மாதாவாக வைத்து மறைவாகக் கும்பிட்டிருக்கிறார்கள். கடைசியில் வெளிநாட்டவருக்கென்று இந்தக் கோயில் கட்டியபோது, பக்கத்துக் கிராமத்துக்காரர்கள் சிலர் மெல்ல உள்ளே வந்திருக்கிறார்கள். அதில் ஒரு பெண் குருவானவர் அருகில் போய், எங்கள் மனமும் உங்கள் மனமும் ஒன்றுதான், மாதா சுரூபம் எங்கே என்று கேட்டாளாம்.

"அம்மாடி, இம்புட்டு வருசமாவா மனசுக்குள்ளயே வச்சிருந்தாவ!" என்றேன்.

"இதென்ன பெரிய விசயம்" என்றாள் பிரகாசி அக்கா. என் அறைத்தோழி, வயது அறுபத்து மூன்று, நாக்குக்கு வயது பதினெட்டு. "நம்ம பங்குலயே ஒண்ணு ரெண்டு பேரு வச்சிருக்காவ. கேக்கத்தான் ஆள் இல்ல."

யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அவள் பேச்சைக் கேட்டால் ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான்.

மத்தியானம் மேலே உள்ள தோட்டத்தில் பழைய வெள்ளைக்கார வியாபாரிகளின் வீடுகளைப் பார்த்தோம். வராந்தாவும் பெரிய பெரிய ஜன்னலும் நம் கடற்கரைச் சாலைக் கட்டடங்கள் மாதிரியே இருந்தன. எல்லாரும் வீட்டோடு நின்று படம் எடுத்தார்கள். கொரேரா மட்டும் எதிரே துறைமுகத்தில் நின்ற கிரேனைப் பதினைந்து படம் எடுத்தார். குடையைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன்.

நவம்பர் 11, செவ்வாய்

தெஜிமா. விசிறி மாதிரி கடலுக்குள் கட்டிய செயற்கைத் தீவு. ஒல்லாந்து வியாபாரிகளை இதற்குள் அடைத்து ஒரே ஒரு பாலத்தை வைத்துக் காவலும் போட்டிருந்தார்களாம். இப்போது சுற்றிலும் கடலைத் தூர்த்துவிட்டதால் தீவு ஊருக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. நம்மூரையும் ஒல்லாந்தர் ஆண்டார்கள், அதற்கு முன் போர்ச்சுகீசியர். இங்கேயும் அதே ஆட்கள், அதே வரிசை. மச்சாது என்று எனக்கும் கொரேரா என்று அவருக்கும் பெயரை வைத்துவிட்டு, அடுத்த கப்பலில் இங்கே வந்து கேக் சுடக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

அந்தக் கேக்குக்குப் பெயர் கஸ்தேரா. முட்டையும் மாவும் சர்க்கரையும்தான். செங்கல் மாதிரி நீளமாக, மஞ்சளாக இருக்கிறது. அடியில் கரையாத சர்க்கரை நறநறவென்று பல்லில் படுகிறது. கடையில் ருசி பார்க்கக் கொடுத்தார்கள்.

"நம்ம மாக்கரூனுக்கு இது தங்கச்சி" என்றார் கொரேரா.

"தங்கச்சியாவது! மாக்கரூன்ல முந்திரி உண்டு, வாய்ல வச்சா காத்தாப் போகும். இது வெறும் பஞ்சு."

"பஞ்சுன்னு சொல்லிக்கிட்டே மூணு துண்டு தின்னுட்டிய."

கடைக்காரப் பெண் எங்களைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தாள். பக்கத்தில் நின்ற வழிகாட்டிப் பையன் மொழிபெயர்த்தான். கல்யாணமாகி எத்தனை வருஷம் என்று கேட்கிறாளாம்.

நான் நேராக வெளியே போய் டிராம் வருகிறதா என்று பார்த்தேன். பிரகாசி அக்கா, "இன்னும் ஓலையே வாசிக்கலம்மா" என்று தமிழிலேயே அவளுக்குப் பதில் சொன்னது தெருவரை கேட்டது. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசித்து, தடை இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்கிற நம் வழக்கமெல்லாம் அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும். ஐம்பத்து நான்காவது வயது நெருங்குகிற பெண்பிள்ளையை வைத்து விளையாட்டு.

இரவுச் சாப்பாடு சீனத் தெருவில். பன்றிக்கறி, இறால், முட்டைக்கோஸ் எல்லாம் ஒரே கிண்ணத்தில் போட்ட நூடுல்ஸ். சாமி இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்.

நவம்பர் 12, புதன்

அணுகுண்டு விழுந்த இடம். பிறகு உரகாமி கோயில். எழுத முடியவில்லை. வெந்துபோன மாதா சுரூபத்தின் தலை ஒன்றை வைத்திருக்கிறார்கள், கண் இருந்த இடத்தில் இரண்டு குழி. எல்லாரும் ஜெபமாலை சொன்னோம். இரண்டாம் தேவ ரகசியத்தில் எனக்குக் குரல் உடைந்தது. பின் பெஞ்சிலிருந்து கொரேரா என் பங்கை எடுத்துச் சொல்லி முடித்தார். இன்றைக்கு அவர் தூங்கவில்லை.

நவம்பர் 13, வியாழன்

எங்கே தொடங்குவது? இன்று ஓய்வு நாள், அவரவர் விருப்பப்படி சுற்றலாம் என்று சாமி சொல்லியிருந்தார். இன்று என் பிறந்தநாளும்கூட. யாரிடமும் சொல்லவில்லை. அம்மா போன பிறகு அதைச் சொல்லிக் கொண்டாட வீட்டில் ஆள் இல்லை. முப்பது வருஷமாக ஹார்பரில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை, அங்கேயும் சொன்னதில்லை.

காலைச் சாப்பாட்டுக்குக் கொரேராவைக் காணோம். கீழே வரவேற்பறைக்கு வந்தபோது, வாசலில் இரண்டு கையிலும் இரண்டு பூங்கட்டோடு நிற்கிறார். மஞ்சளும் வெள்ளையுமாகச் செவந்தி, நடுவில் கொஞ்சம் ஊதாப்பூ, பின்னால் பச்சை இலை. நல்ல கொழுத்த பூ.

"பொறந்தநாள் வாழ்த்துக்கள்" என்றார். வழக்கமான குரலில்தான். வரவேற்பறையே திரும்பிப் பார்த்தது.

"யாரு சொன்னா?"

"சென்னை ஏர்போர்ட்ல பாஸ்போர்ட்டப் பிடிங்கன்னு என்ட்ட குடுத்துட்டு தண்ணி குடிக்கப் போனியள்லா. கண்ணு தானாப் போச்சு. கடையில ஒரு கட்டு கேட்டேன். ரெண்டையும் சேத்துத்தான் நீட்டுதாவ. சரி, ரெண்டுமே இருக்கட்டும்னு வாங்கிட்டேன்."

செவந்தி என்றால் மாதாவுக்குச் சாத்துகிற பூ, கல்யாண மாலைக்குக் கட்டுகிற பூ. எனக்கு இதுவரை யாரும் வாங்கிக் கொடுத்ததில்லை. "வெல கூடவா இருக்கும்?" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நல்லதாக இருந்திருக்கலாம்.

அதற்குள் வரவேற்பு மேஜையில் இருந்த நகாவோ என்ற பெண் எழுந்து வந்தாள். பூவைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், இடுப்பு ஒடிய வணங்கினாள். உள்ளே போய் ஒரு வரைபடமும் ஊதுபத்திக் கட்டும் தீப்பெட்டியும் கொண்டுவந்து இரண்டு கையாலும் கொடுத்தாள். வரைபடத்தில் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் ஒரு புத்தக் கோயிலைச் சுற்றி வட்டம் போட்டாள். பிறகு தன் போனில் ஏதோ பேசி எங்கள் பக்கம் திருப்பினாள். போன் தமிழில் சொன்னது: "படிகள் அதிகம். மெதுவாகச் செல்லுங்கள். உங்கள் வருகையால் அவர்கள் மகிழ்ச்சி அடைவார்கள்."

"பாத்தியளா, நம்மள எதிர்பாத்து ஆள் இருக்கு" என்றார் கொரேரா.

"இந்தியாக்காரங்களுக்கு ஊதுபத்தி பிடிக்கும்னு தெரிஞ்சு வச்சிருக்கா பாருங்க" என்றேன் நான். இரண்டு பேருமே நன்றாகப் படித்தவர்கள்.

பிரகாசி அக்காவைக் கூப்பிட்டேன். அவளுக்குத் திடீரென்று முழங்கால் வலி. நேற்று வரை என்னை இழுத்துக்கொண்டு போனவள். "ரெண்டு பேரும் போயிட்டு வாங்க, அவசரமில்ல" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

டிராமில் ஏறினோம். ஆளுக்கொரு கட்டாகப் பூவைப் பார்த்ததும் ஒரு கல்லூரிப் பையன் எழுந்து இடம் கொடுத்தான். எதிரில் இருந்த பெண் என்னைப் பார்த்துக் கண் கலங்கத் தலையசைத்தாள். எவ்வளவு பண்பான ஊர், பிறந்தநாள்காரிக்கு இத்தனை மரியாதையா என்று இரண்டு பேரும் வியந்துகொண்டே போனோம். இறங்கிப் பாலத்தைக் கடந்து நடந்தோம்.

கோயில் வாசலில் மரவாளியும் அகப்பையும் அடுக்கியிருந்தார்கள். அதைத் தாண்டிப் படி ஏறினோம். ஏற ஏறக் கல். சீன எழுத்துக் கல், சிலுவை போட்ட கல், தரையோடு கிடந்த ஒல்லாந்துக்காரர் கல், ருஷ்யக்காரர் கல். ஒரு கல்லறை முன்னால் கணவனும் மனைவியுமாக இரண்டு பேர் பாசியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கல்லின் வலப்பக்கம் ஒரு பூங்கட்டு, இடப்பக்கம் ஒரு பூங்கட்டு. எங்கள் கையில் இருந்த அதே மஞ்சள், அதே வெள்ளை, அதே ஊதா.

கொரேரா நின்றுவிட்டார். தன் கட்டைப் பார்த்தார். அந்தக் கட்டைப் பார்த்தார்.

"டெல்பின்" என்றார். முதல்முறையாகப் பெயர் சொன்னார். "பொறந்தநாளும் அதுவுமா ஒங்க கையில கல்லறைப் பூவல்லா குடுத்துட்டேன்."

முகம் அவிந்துபோய் நின்றார். எனக்கு வந்த சிரிப்பு இருக்கிறதே, அப்படிச் சிரித்து எத்தனை காலமோ. டிராமில் எழுந்து இடம் கொடுத்தவன், கண் கலங்கியவள், ஊதுபத்தி, மகிழ்ச்சி அடையப் போகிறவர்கள் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வரவர, படியிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். வெளிநாட்டுக்காரர்கள் பூவோடு நின்றால் வெளிநாட்டுக்காரர் கல்லறைக்குத்தானே வழி சொல்வாள், பாவம் அந்த நகாவோ. முதலில் பயந்துபோய்ப் பார்த்த கொரேராவும் பிறகு சிரிக்கத் தொடங்கினார். அவர் சிரிப்பும் ஊருக்கே கேட்கிற சிரிப்புதான். கல்லறை கழுவிய இருவரும் துக்கத்தில் எங்களுக்கு என்னவோ ஆகிவிட்டதென்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

வந்ததற்கு யாரையாவது பார்த்துவிட்டுப் போவோம் என்று, பூவே இல்லாத ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்தோம். பெயர் தேய்ந்துபோயிருந்தது. ஏதோ ஒல்லாந்து மாலுமி, இருபத்தொரு வயது என்று மட்டும் படிக்க முடிந்தது. கொரேரா தன் கையில் இருந்த கட்டை வைத்தார், ஊதுபத்தி கொளுத்தினோம், ஒரு பரலோக மந்திரம் சொன்னோம்.

"அதையும் வைங்க" என்று என் கையில் இருந்ததைக் காட்டினார்.

"இது எனக்கு வாங்கினது" என்றேன்.

அங்கிருந்து துறைமுகம் முழுவதும் தெரிந்தது. அவர் மூன்று வாரம் கிடந்த டிரை டாக் எது என்று காட்டினார். பிறகு அதையே பார்த்துக்கொண்டு சொன்னார். "பையன் டிக்கெட் போடணும்னு தெனமும் கேக்கான். அங்க போனா நல்லாத்தான் பாத்துக்கிடுவான். ஆனா ஒங்கள ஞாயித்துக்கிழம பாக்க முடியாது. நான் போகட்டுமா, இருக்கட்டுமா? நீங்க சொல்லுங்க."

இவ்வளவு மெல்ல அவர் பேசி நான் கேட்டதேயில்லை.

"மழ வரும் போல இருக்கு, எறங்குவோம்" என்றேன்.

வானத்தில் ஒரு மேகம் இல்லை.

நவம்பர் 14, வெள்ளி

மூக்குக் கண்ணாடிப் பாலம் பார்த்தோம். கல்பாலத்தின் இரண்டு வளைவும் ஆற்று நீரில் விழுந்து மூக்குக் கண்ணாடி மாதிரி தெரிகிறது. கரைச்சுவரில் இதய வடிவில் ஒரு கல் இருக்கிறதென்று இளசுகள் எல்லாம் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் தேடவில்லை. என் முன்னாலேயே இருந்தது.

கொரேரா சாமியோடு முன்னால் போய்விட்டார். பஸ்ஸிலும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். கோபம் மாதிரியும் தெரியவில்லை. "சாப்பிட்டியளா?" என்று கேட்டார், "ம்" என்றேன். அவ்வளவுதான். ஒரு கேள்வி கேட்டால் மறுபடியும் ஒருமுறை கேட்கக் கூடாதா? ஆபீசில் எத்தனை முறை கேட்டுத்தான் காரியம் நடக்கிறது.

அறையில் பல்துலக்கும் கோப்பையில் செவந்தி இன்னும் வாடாமல் நிற்கிறது. பிரகாசி அக்கா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முழுக்கதையையும் கறந்துவிட்டாள். மழைக் கதையைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, பதில் சொல்லாம இருந்தா அதுவும் ஒரு பதில்தான். அந்த மனுசன் 'போ'ன்னு எடுத்திருப்பாரு. நாளைக்கு ஊருக்குக் கெளம்புதோம்."

"இந்த வயசுல ஊரு என்ன சொல்லும்க்கா?"

"ஊரு ரெண்டு நாள் பேசும். மூணாம் நாள் மீன் வெல பேசப் போயிரும். நீ?"

எனக்குப் பயமாக இருக்கிறது. அதை இங்கேயாவது எழுதிவிடுகிறேன். தனியாக இருப்பது எனக்குப் பழகிவிட்டது, அதில் நான் கெட்டிக்காரி. இன்னொரு ஆளோடு இருக்க எனக்குத் தெரியுமா? அவர் போய்விட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை, கடைசி பெஞ்ச் காலி. அதற்கு மேல் யோசிக்கப் பிடிக்கவில்லை.

நவம்பர் 15, சனி

ஃபுகுவோகா விமான நிலையம். விமானத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

பஸ்ஸில் நான் நடுவில், அவர் கடைசி வரிசையில். ஊர் மறைந்து சுரங்கப்பாதை எல்லாம் தாண்டியபின் அவர் போன் அடித்தது. வீடியோ கால். காது மந்தம் என்பதால் சத்தத்தை முழுக்க வைத்திருப்பார், எல்லாருக்கும் கேட்டது.

"அப்பா, ஜனவரி பதினெட்டு டிக்கெட் இருக்கு. போட்டுரட்டுமா? இப்ப விட்டா கிடைக்காது."

"சரி மக்கா, போடு" என்றார் கொரேரா.

நான் எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. ஓடுகிற பஸ்ஸில், இருக்கைகளைப் பிடித்துப் பிடித்துக் கடைசி வரிசைக்குப் போனேன். முழங்கால் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கையிலிருந்து போனை வாங்கினேன். மகன் முகம் தெரிந்தது, அப்பாவின் அதே நெற்றி.

"தம்பி, டிக்கெட் போடாதிய. உங்க அப்பா வரல."

"நீங்க யாரு?"

சாமிகூட ஜெபமாலையை நிறுத்திவிட்டார். பதின்மூன்று பேரும் திரும்பி என்னைத்தான் பார்த்தார்கள்.

"நான் டெல்பின் மச்சாது. உங்க அப்பாவக் கட்டிக்கிடப் போறவ. பாக்கணும்னா நீங்க பிள்ளையளக் கூட்டிக்கிட்டு வாங்க."

"அப்பா, நெசமா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலயே."

"எனக்கே இப்பதாம்ல தெரியும்" என்றார் கொரேரா. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். போனுக்குள் அந்தப் பையனும் சிரிக்கத் தொடங்கினான். பக்கத்தில் யாரையோ, சீக்கிரம் வா, சீக்கிரம் வா என்று கூப்பிட்டான்.

முன்னால் ததேயுஸ் சாமி எழுந்து வழிகாட்டியின் மைக்கை வாங்கினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசிக்கிற அதே குரலில் ஆரம்பித்தார். "ரொமால்ட் கொரேராவுக்கும் டெல்பின் மச்சாதுவுக்கும் முதல் ஓலை. இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். பாக்கி ரெண்டு ஓலை ஊர்ல."

பிரகாசி அக்கா கையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"ஒரு தட இருக்கு சாமி."

நான் போனை அவசரமாகக் கவிழ்த்துப் பிடித்தேன்.

"பொண்ணுக்கு வாய் ரொம்ப ஜாஸ்தி. ஆறு நாள் ஒரே ரூம்ல இருந்து பாத்த சாட்சி நான். மாப்பிள்ளைக்கு இது தெரியுமான்னு கேட்டுருங்க, பெறகு எங்க மேல கொற சொல்லக் கூடாது."

சாமி கடைசி வரிசையைப் பார்த்தார். "மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

கொரேராவுக்கு மைக் தேவைப்படவில்லை.

"நல்லாத் தெரியும் சாமி. அதக் கேக்கத்தான இருக்கட்டுமான்னு கேட்டேன்."

பஸ்ஸே சிரித்தது. ஓட்டுநருக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் ஹார்ன் அடித்தார். நான் கொரேராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க" என்று மட்டும் சொன்னேன்.